பனி இறங்கும் முன்பே போர்த்துவோம்

(திருவருகைக் காலத்தில் வானொலியில் ஆற்றிய மறையுரை)



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. பீடத்தில் ஊதா நிறத் துணி விரித்தாயிற்று. நம் நீலகிரியிலோ மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, புல்வெளிகள் அதிகாலையில் வெளுக்கத் தொடங்கியிருக்கின்றன. முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சமவெளியில் சொல்வார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தை மாதம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கார்த்திகையிலேயே அது துளைக்க ஆரம்பித்துவிடும். சீராக்கின் ஞானநூல் உறைபனியை நிலத்தில் தூவிய உப்புக்கு ஒப்பிடுகிறது. அதிகாலையில் கதவைத் திறந்து பார்க்கும் நமக்கு அந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

நம்மில் பலருக்கு வீட்டை ஒட்டி ஒரு சிறு தோட்டம் உண்டு. இரண்டு பாத்தி கேரட், நான்கு வரிசை பீன்ஸ், வேலியில் படரும் மேரக்காய், மூலையில் ஒரு மரத்தக்காளி. விதையையும் அத்திமரத்தையும் கடுகுச் செடியையும் காட்டி இறையாட்சியைக் கற்றுத் தந்தவர் நம் ஆண்டவர். ஆகவே இன்று அந்தத் தோட்டத்தில் நின்றுகொண்டே மூன்று சிந்தனைகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, விழிப்பாயிருத்தல்.

திருடன் எந்நேரம் வருவான் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆகவே ஆயத்தமாயிருங்கள் என்ற பொருளில் இயேசு பேசுவதை இந்த நாள்களில் வாசிக்கக் கேட்கிறோம். உறைபனியும் இரவில் வரும் திருடனைப் போன்றதுதான். ஆனால் அது வரும் அடையாளம் மாலையிலேயே தெரிந்துவிடும். பகலில் மண் வாங்கிய வெப்பம் இரவில் மேலே போய்விடுகிறது. வானத்தில் மேகம் இருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி கீழேயே திரும்பிவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. நிலம் வேகமாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டுத் தோட்டம் தப்பிக்கிறது, ஓடைக்கரைத் தோட்டம் கருகிப்போகிறது. சுவரில் மாட்டிய வெப்பமானி மூன்று, நான்கு டிகிரி காட்டும்போதே கீழே புல் உறைந்திருப்பதும் உண்டு. தரையை ஒட்டிய குளிர் அதைவிடக் கடுமையானது.

எங்கள் பங்கில் ஒரு பாட்டி இருக்கிறார். பள்ளிக்கூடம் போகாதவர். மாலை ஐந்தரை மணிக்கு வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். "மேகம் போர்த்துனா நாம போர்த்த வேணாம் சாமி. மேகம் போர்த்தலைன்னா நாமதான் போர்த்தணும்" என்பார். விழிப்பாயிருத்தல் என்பது இரவு முழுவதும் தூங்காமல் பயந்துகொண்டிருப்பதல்ல. மாலையிலேயே வானத்தைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போவது. நம் வீட்டிலும் அப்படித்தான். மகன் சாப்பிடாமல் அறைக்குள் போகிறான், மருமகள் இரண்டு நாளாகப் பேசவில்லை, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜெபமாலைக்கு வரவில்லை. இவையெல்லாம் மாலை அடையாளங்கள். விடிந்தபின் கருகிய இலையைப் பார்த்து அழுவதைவிட, மாலையில் ஒரு வார்த்தை கேட்பது மேல்.

இரண்டாவது, செடியை அறிதல்.

1819ஆம் ஆண்டு இந்த மலைக்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஐரோப்பியக் காய்கறிகளை இங்கே பயிரிட ஊக்கம் கொடுத்தார். இன்று அவை நம் காய்கறிகளே ஆகிவிட்டன. ஆனால் எல்லாக் காய்கறிக்கும் பனி ஒன்றுபோல் இருப்பதில்லை. முட்டைகோஸ், கேரட், நூக்கல், டர்னிப், பூண்டு ஆகியவை ஓரளவு உறைபனியைத் தாங்கும். தாங்குவது மட்டுமல்ல, பனிக்குப் பிறகு பிடுங்கும் கேரட் இனிப்பாக இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். குளிர் வந்ததும் அந்தச் செடி தன்னிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறையாது. நமக்கு இனிப்பு, செடிக்கோ அது தற்காப்பு.

பீன்ஸ், தக்காளி, மிளகாய், பூசணி, மேரக்காய்க் கொடி ஆகியவற்றின் கதை வேறு. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து பனிக்கட்டியாகி உள்ளே கிழித்துவிடும். வெயில் பட்டதும் இலை வெந்ததுபோல் தொய்ந்து கறுத்துப்போகும். உருளைக்கிழங்கின் இலையும் அப்படித்தான் கருகும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு தப்பிவிடும். பட்டாணிச் செடி குளிரைத் தாங்கும், ஆனால் அதன் பூவும் இளங்காயும் தாங்காது. ஒரே செடியில்கூட ஒரு பகுதி தாங்கும், மறு பகுதி தாங்காது!

ஆகவே விவரம் அறிந்தவர்கள் இந்த வாரமே மேரக்காயையும் பீன்ஸையும் பறித்துவிடுவார்கள். நன்றாக முற்றிய பச்சைத் தக்காளியைப் பறித்து வீட்டுக்குள் வைத்தால் மெல்லப் பழுக்கும். மிளகாய்த் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துவார்கள். கேரட்டை அப்படியே மண்ணில் விட்டுவிடுவார்கள்.

அன்புக்குரியவர்களே, இங்கேதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இருக்கிறது. துன்பம் மனிதரைப் புடமிடும் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அது உண்மைதான். துன்பத்துக்குப் பிறகு இனிமையாகிவிட்ட மனிதர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கேரட்டைப் பற்றிய உண்மையைப் பீன்ஸ் செடியிடம் போய்ச் சொல்லலாமா? கணவரைப் புதைத்துவிட்டு வந்த பெண்ணிடம் மூன்றாம் நாளே, "கடவுள் உன்னைச் சோதிக்கிறார், நீ உறுதியாவாய்" என்கிறோம். தேர்வில் தோற்று மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், "நாங்கள் படாத கஷ்டமா?" என்கிறோம். நாம் தாங்கினோம் என்பதற்காக அவர்களும் தாங்குவார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறோம். நம் சொல் பொய்யல்ல. ஆனால் அந்த இரவில் அந்தச் செடிக்குத் தேவை ஒரு போர்வை.

எலியா இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி இறைவனிடம் வேண்டிவிட்டு, சூரைச்செடியின் அடியில் படுத்துக்கொண்டார். ஆண்டவரின் தூதர் வந்து அவருக்கு உபதேசம் செய்யவில்லை. சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பி, சாப்பிடச் சொன்னார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிட்டார். தூதர் கோபிக்கவில்லை; மறுபடியும் வந்து எழுப்பினார். அதன் பிறகுதான் ஓரேபு மலைக்கு நடை, அதன் பிறகுதான் இறைவனின் மெல்லிய குரல். முதலில் அப்பம். நெரிந்த நாணலை முறிக்காதவர் என்று எசாயா முன்னறிவித்த ஆண்டவரின் வழி இதுதான்.

மூன்றாவது, போர்த்துதல்.

உதகை தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் நமக்குக் காய்ந்த புல், பழைய சணல் சாக்கு, கிழிந்த போர்வை போதும். சில விவரங்களை மட்டும் கவனியுங்கள். முற்பகலிலேயே பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிடுங்கள். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தை வைத்திருந்து இரவில் கொடுக்கும். பொழுது சாய்வதற்கு முன்பே மூடுங்கள். நான்கு குச்சி நட்டு, அதன்மேல் சாக்கைப் போட்டு, ஓரங்கள் தரையைத் தொடும்படி விடுங்கள். மண்ணிலிருந்து வரும் வெப்பம்தான் செடியைக் காக்கிறது. தலைக்கு மட்டும் முண்டாசு கட்டினால் பயனில்லை. பிளாஸ்டிக் ஷீட்டாக இருந்தால் இலையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ட இடம் உறைந்துவிடும்.

காலையில் வெயில் வந்து பனி கரைந்ததும் மூடியதைத் திறந்துவிடுங்கள். திறக்காவிட்டால் செடி உள்ளேயே வெந்து வாடிவிடும். அன்பும் அப்படித்தான். இரவில் போர்த்தத் தெரிந்த பெற்றோர் பகலில் திறந்துவிடவும் தெரிந்திருக்க வேண்டும்.

போர்த்துவது என்றதும் புனித மார்ட்டின் நினைவுக்கு வருகிறார். நவம்பர் 11ஆம் நாள் அவருடைய விழாவைக் கொண்டாடினோம். இன்றைய பிரான்ஸ் நாட்டிலுள்ள அமியான் நகர வாயிலில், கடுங்குளிரில் ஆடையின்றி நின்ற ஏழை ஒருவரைக் கண்டார் அந்தப் படைவீரர். தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். அன்றிரவு கனவில் அந்தப் பாதியை அணிந்திருந்தவர் கிறிஸ்து. அவர் கொடுத்தது பாதிதான். நம்மிடம் முழுப் போர்வை இல்லை என்று தயங்க வேண்டாம்.

நம் மலையில் இந்த நாள்களில் குளிரில் நிற்பவர்கள் யார்? கேரட் பிடுங்கவும் கழுவவும் விடியும் முன்பே போகும் தொழிலாளர்கள். தகரக் கூரை போட்ட வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள். பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். உறைபனியில் தேயிலை கருகினால், மறுபடியும் துளிர்க்கும்வரை பறிக்க இலை இல்லை. இலை இல்லாவிட்டால் தினக்கூலிக்காரருக்கு வேலை இல்லை. நம் தோட்டத்துப் பீன்ஸ் கருகினால் ஒரு வாரக் குழம்பு போகும். அவர்களுக்கு அடுப்பே அணைந்துபோகும்.

இன்னும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். மலைப்பகுதிகளில் இப்படிச் சாவு நேர்ந்திருக்கிறது. தனியாக இருக்கும் பெரியவர்களிடமும், விருந்தினராக வந்தவர்களிடமும், இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் காலையில் தோட்டம் கருகிக் கிடக்கலாம். அப்போது உடனே கத்தியை எடுக்காதீர்கள். பீன்ஸ் போனால் போனதுதான். ஆனால் மரத்தக்காளி, செம்பருத்தி போன்றவற்றில் கருகிய இலையை அப்படியே விட்டுவையுங்கள். அடுத்த பனி உள்ளே இருக்கும் மொட்டைத் தொடாமல் அந்தக் கருகிய இலையே காக்கும். பனிக்காலம் முடிந்தபின் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்க்காத அத்திமரத்துக்காக இன்னும் ஓர் ஆண்டு கேட்டு, சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்ற அந்தத் தோட்டக்காரரை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். குடியினால் கருகியவர்கள், கோபத்தில் வீட்டைவிட்டுப் போனவர்கள், பல ஆண்டுகளாகக் கோவிலுக்கு வராதவர்கள் என்று நம் அன்பியங்களிலும் சிலர் உண்டு. பட்டுப்போனது என்று தீர்ப்பிடும் முன் இன்னும் ஒரு பருவம் காத்திருப்போம்.

ஆகவே இந்த வாரத்துக்கு மூன்று சிறிய வேலைகள். நாளை மாலை வானத்தைப் பாருங்கள், தோட்டத்தை மூடுங்கள். பனி வருமுன் பறித்த காய்களில் ஒரு பங்கை, வேலை இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். அலமாரியில் சும்மா கிடக்கும் போர்வையை எடுத்துத் துவைத்து, ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது கொண்டுவாருங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் அதைத் தேவைப்படுவோரிடம் சேர்ப்பார்கள். கொடுக்கும்போது அறிவுரை சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

தானியேல் நூலில், எரியும் தீச்சூளைக்குள் நின்ற மூன்று இளைஞர்கள் படைப்பு அனைத்தையும் இறைவனைப் போற்ற அழைக்கிறார்கள். பனியையும் குளிரையும்கூட அவர்கள் மறக்கவில்லை. அந்தத் தீயில் அவர்கள் தனியாகவும் இல்லை. அவர்களோடு வேறொருவர் நடந்துகொண்டிருந்தார். பனியிலும் அவர் நம்மோடு நடக்கிறார். குளிர்கால இரவில் துணிகளில் பொதிந்து கிடத்தப்பட்ட குழந்தையாக வரப்போகிறவரும் அவரே. அவருக்கும் ஒரு தாய் போர்த்த வேண்டியிருந்தது.

செபிப்போமாக. அன்புத் தந்தையே, எங்கள் சிறு தோட்டங்களை ஆசீர்வதியும். இன்றிரவு குளிரில் உழைப்போரையும், தனிமையில் இருப்போரையும், மனம் வாடியோரையும் உமது இரக்கத்தால் போர்த்தியருளும். ஒருவர் ஒருவரின் தாங்கும் வலிமையை அறிந்து அன்பு செய்ய எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.