ஆயாவோட பேச்சை எங்க வெச்சோம்?

(ஒலிப்பதிவுப் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம சேரிப் பெரியவர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யணும்னு வந்திருக்கீங்க. எப்படிக் கேள்வி கேக்கிறது, மைக்கை எங்க வைக்கிறதுன்னு காலையில பார்த்தோம். நான் பேசப்போறது, பதிவான பேச்சு கம்ப்யூட்டர்ல எங்க போய் உக்காருதுங்கிறதப் பத்தி. சின்ன விசயமாத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது.

2012இல் எங்க தெருவிலிருந்த ஒரு ஆயாவைப் பதிவு செய்தேன். நண்பர்கிட்ட இரவல் வாங்கின லேப்டாப். ரெண்டு சாயங்காலம், மூணு மணி நேரம். பண்ணையில் படியாளாக இருந்த காலம், குளத்துல தண்ணி மொள்ளப் போய் அடிவாங்கினது, நடவுப் பாட்டுன்னு எல்லாம் சொன்னாங்க. முடிச்சதும் கேட்டாங்க: "எம் பேச்ச இந்தப் பொட்டியில எங்க வெச்ச கண்ணு?" நான் சிரிச்சேன். பதில் எனக்குத் தெரியலை. பேரை அடிச்சேன், 'சேவ்' அமுக்கினேன், அவ்வளவுதான்.

நான் பயன்படுத்தினது பழைய மென்பொருள். அதுல ஒரு சின்னக் கோப்பும், பக்கத்துல ஒரு ஃபோல்டரும் உருவாகும். ஒலி முழுக்க அந்த ஃபோல்டருக்குள்ள. சின்னக் கோப்புல எது எங்க இருக்குங்கிற விவரம் மட்டும். நான் அந்தச் சின்னக் கோப்பைப் பென்டிரைவ்ல போட்டு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். மூணு மணி நேரப் பேச்சு ஒரு எம்.பி.கூட இல்லையேன்னு அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நண்பர் வைரஸ் வந்துடுச்சுன்னு லேப்டாப்பை ஃபார்மட் பண்ணிட்டார். அவர்மேல தப்பில்ல, நான் எதுவும் சொல்லி வைக்கல. பிறகு திறந்து பார்த்தா, திரையில கோடு ஓடுது, சத்தமே இல்ல. அடுத்த தை மாசம் ஆயா செத்துப்போனாங்க.

அதனால சில விசயங்களைச் சொல்றேன், குறிச்சுக்குங்க.

ஒண்ணு. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடியே இடத்தை முடிவு செய்யுங்க. நம்மில் பலர் பயன்படுத்துற ஆடாசிட்டியில, 2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்புக்குள்ள அடங்கிடுது. ஆனா நீங்க சேமிக்கிற வரைக்கும் பேச்சு ஒரு தற்காலிக ஃபோல்டர்லதான் கிடக்கும். அது எங்க இருக்குன்னு 'பிரிஃபரன்சஸ்' உள்ள 'டைரக்டரீஸ்'ல பார்க்கலாம், மாத்தலாம். வெறும் புராஜெக்டை முதல்ல சேமிச்சு, இடத்தை உறுதி செஞ்சுட்டு, அப்புறம் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க.

ரெண்டு. இடம் போதுமான்னு பாருங்க. ஒரு மைக்கில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் பதிவானால் ஒரு மணி நேர 'வேவ்' கோப்பு சுமார் 300 எம்.பி. வரும். ஆடாசிட்டி தானாக எடுத்துக்கொள்கிற 32 பிட் அளவில் அதைப்போல ரெண்டு மடங்கு. சி டிரைவ் நிரம்பிப் போனா, பெரியவர் பேசிக்கிட்டே இருப்பார், பதிவு நின்னு போயிருக்கும்.

மூணு. பென்டிரைவ்லயோ, இணையத்தோட இணைஞ்ச ஃபோல்டர்லயோ நேரடியாகப் பதிவு செய்யாதீங்க. முதல்ல உள்ளிருக்கும் டிஸ்க்கில் பதிவு செய்து, பிறகு நகல் எடுங்க. பழைய ஃபேட்32 முறையில் இருக்கும் பென்டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏத்துக்காது.

நாலு. விண்டோஸ்ல 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்' ரெண்டும் பல கம்ப்யூட்டர்கள்ல யாரோ ஒருத்தரோட இணையக் கணக்கோட இணைஞ்சிருக்கும். அடிச்சவன் பேரை, பண்ணைக்காரன் பேரை நம்பிச் சொன்ன ஒரு அம்மாவோட பேச்சு, உங்களுக்குத் தெரியாமலே வேறொருத்தர் கணக்குக்குப் போயிடும். அந்த அம்மா பிள்ளைங்க இன்னும் அதே ஊர்ல கூலிக்குப் போகணும், தோழர்களே. பாஸ்வேர்ட் யார் கையில இருக்குன்னு கேளுங்க. கோப்புப் பேர்ல தேதியும் எண்ணும் போதும். ஆள் பேரைத் தனி நோட்டுல எழுதி வையுங்க.

அஞ்சு. மூணு நகல் வேணும். ஒண்ணு கம்ப்யூட்டர்ல, ஒண்ணு தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒண்ணு வேற ஊர்ல நம்பிக்கையான தோழர் வீட்டில். நகல் எடுத்ததும் வேற கம்ப்யூட்டர்ல போட்டுக் காதால கேளுங்க. கேட்காத நகலை நம்பாதீங்க. அசல் கோப்புல வெட்டுறது ஒட்டுறது கூடாது. அதெல்லாம் நகலில் செய்யலாம்.

நம்ம சனங்க பேசினதை எழுதி வைக்க ஆள் இல்லாமத்தான் இவ்வளவு காலம் போச்சு. இப்ப மைக் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. நம்ம கவனக்குறைவாலேயே நாம அதைத் தொலைச்சா, யாரைக் குத்தம் சொல்றது?

ஆயா பாடின நடவுப் பாட்டுல எனக்கு ரெண்டு அடிதான் ஞாபகம் இருக்கு. மீதி போச்சு.

சாப்பிட்டு வந்ததும் அவங்கவங்க லேப்டாப்பைத் திறங்க. ஒரு நிமிசம் ஏதாவது பேசிப் பதிவு பண்ணுங்க. அது எந்த டிரைவ்ல, எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு பக்கத்துல இருக்கிற தோழருக்குக் காட்டுங்க. காட்ட முடிஞ்சவங்க நாளைக்கு ஊருக்குள்ள போகலாம்.