படத்தில் இல்லாத பகத்சிங்

(மார்ச் 23 நினைவு நாளையொட்டி, கழக்கூட்டத்தில் நம் இளைஞர்கள் வைத்த படக்காட்சியைத் திறந்துவைத்து ஆற்றிய உரை)



கம்பி கட்டிவிட்டு, கான்கிரீட் போட்டுவிட்டு, வேலைத்தளத்திலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டாமல் பேசுகிறேன்.

இந்தச் சுவரில் இருப்பவை சீமான்கள் வீட்டுக் கூடத்துக்காக வரைந்த படங்கள் அல்ல. 1931 மார்ச் 23 மாலை, லாகூர் சிறையில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். பகத்சிங்குக்கு அப்போது வயது 23. உடல்களை உற்றாரிடம் கொடுக்காமல், இரவோடு இரவாக சட்லெஜ் ஆற்றங்கரையில் வைத்து எரித்தது வெள்ளை அரசு. பிணத்தைக் கண்டால் மக்கள் கொதித்தெழுவார்கள் என்ற பயம்!

உடலை மறைத்தார்கள், முகத்தை மறைக்க முடிந்ததா? கான்பூரில் ரூப்கிஷோர் கபூர் போன்ற ஓவியர்கள் வரைந்தார்கள். அச்சகங்கள் மலிவு விலையில் அடித்துத் தள்ளின. தன் தலையைத் தாம்பாளத்தில் ஏந்தி பாரதமாதாவுக்குக் கொடுக்கும் பகத்சிங்கை இதோ பாருங்கள். இத்தகைய படங்களை அரசு தடைசெய்தது, பறிமுதல் செய்தது. அப்படிப் பிடுங்கிய பிரதிகள் டில்லியிலும் லண்டனிலும் ஆவணக் காப்பகங்களில் இன்றும் இருக்கின்றன. அழிக்க நினைத்தவனே காவல்காரன் ஆனான்!

1967இல் பொலிவியாவில் சேகுவேராவைக் கொன்றவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். கதை முடிந்தது என்று உலகம் நம்பட்டுமென, பிணத்தைக் கிடத்திப் படமெடுக்க விட்டார்கள். அந்தச் சேயின் முகத்தைத்தான் கேரளத்துச் சுவர்களில் நாம் அன்றாடம் பார்க்கிறோம். மறைத்தும் பயனில்லை, காட்டியும் பயனில்லை.

ஆனால் தோழர்களே, ஒன்றை யோசியுங்கள். இந்தப் படங்களில் தொப்பி இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, தூக்குக்கயிறு இருக்கிறது. நம்முடைய விஷயம் எங்கே?

தூக்குத் தண்டனை சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரியைக் கொன்ற வழக்கில். ஆனால் 1929 ஏப்ரல் 8 அன்று பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் டில்லி மத்திய சட்டசபையில் குண்டு வீசி, துண்டுப் பிரசுரம் எறிந்து, ஓடாமல் நின்று கைதானார்களே, அது எதற்காக? அங்கே அன்று நிறைவேறியது தொழில் தகராறு மசோதா. தொழிலாளியின் வேலைநிறுத்தத்துக்குக் கால்கட்டுப் போட வந்த சட்டம் அது. பொதுப் பயன்பாட்டுத் தொழில்களில் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வேலையை நிறுத்தினால் குற்றம் என்றது.

2020இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் 14 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது; அதுவும் எல்லாத் தொழில் நிறுவனங்களிலும்! ஊர்விட்டு ஊர் வந்து, கூலி பாக்கி நின்றால் மேஸ்திரி முகத்தையே பார்த்து நிற்கும் நமக்கு, வேலையை நிறுத்துவது தவிர வேறென்ன ஆயுதம் இருக்கிறது?

தமிழ்நாடு அன்று படத்தோடு நின்றுவிடவில்லை. தூக்கிலிட்ட ஒரே வாரத்தில் பெரியார் 'குடிஅரசு' ஏட்டில் தலையங்கம் எழுதினார். 'நான் நாத்திகன் ஏன்?' என்ற பகத்சிங்கின் நூலை ஜீவா தமிழாக்கினார். அதற்காகச் சிறை சென்றார்.

ஆகவே, இந்தப் படத்தை வீட்டில் மாட்டுங்கள். "இது யாரப்பா?" என்று பிள்ளை கேட்டால், "தூக்கில் தொங்கியவர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நம் வேலைநிறுத்த உரிமைக்காகவும் குரல் கொடுத்தவர்" என்று சொல்லுங்கள். ஓவியன் விட்ட இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் நாம்தான்.