அனுப்புமுன் விசாரிப்போம்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)

 

‘கைப்பேசியும் நம் குடும்பமும்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பொதுவாக அறிவுரை சொல்வதைவிட, ஒரு மனிதர் செய்யும் வேலையைச் சொல்கிறேன். அவர் பெயர் முகமது ஜுபைர். பெங்களூரில் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொலைத்தொடர்புத் துறையில் பொறியாளராக இருந்தவர். 2017இல் தொடங்கிய ‘ஆல்ட் நியூஸ்’ என்ற தளத்தைப் பிரதிக் சின்ஹாவுடன் சேர்ந்து நடத்தி வருகிறார். இணையத்தில் பரவும் செய்தி உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர்கள் வேலை.

2023 மார்ச் மாதம் நடந்ததைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வேலை செய்யும் பீகார் தொழிலாளர்களைத் தேடித்தேடித் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் இருந்த தொழிலாளர்கள் நடுங்கிப் போனார்கள். ஊரிலிருந்து தாயும் மனைவியும் அழைத்து, உடனே கிளம்பி வா என்று அழுதார்கள். பலர் வேலையை விட்டு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே தமிழ்நாட்டுக்கு அனுப்பியது.

உண்மை என்ன? ஒரு காணொளி, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாக நின்று போட்ட சண்டை. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. இதைத் தமிழ்நாடு காவல்துறை அறிவித்தது. பரவிய இன்னும் சில காட்சிகள் தமிழ்நாட்டிலேயே நடக்கவில்லை. ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை, இன்னொன்று ஹைதராபாத்தில் நடந்தது. இதை ஆல்ட் நியூஸ் ஆதாரத்தோடு வெளியிட்டது.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மந்திரம் எதுவும் இல்லை. காணொளியை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு காட்சியையும் படமாக எடுத்து இணையத்தில் தேடுகிறார்கள். அதே படம் முன்பே வேறெங்காவது வந்திருந்தால் அகப்பட்டுவிடும். கடையின் பெயர்ப்பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டியின் எண் எந்த மாநிலத்தது, பின்னால் கேட்கும் பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்று கவனிக்கிறார்கள். பிறகு அந்த ஊர்க் காவல் நிலையத்தையும் செய்தியாளரையும் அழைத்துக் கேட்கிறார்கள். பொறுமையும் நேரமும் வேண்டிய வேலை இது. பொய்யை அனுப்ப ஒரு விநாடி போதும். அதைப் பொய் என்று காட்ட ஒரு நாள் ஆகலாம். அந்த ஒரு நாளுக்குள் எத்தனை பேர் ரயில் ஏறிவிடுகிறார்கள்!

இந்த வேலைக்கு எதிரிகளும் உண்டு. 2018இல் இட்ட ஒரு பதிவுக்காக, 2022 ஜூன் 27 அன்று டெல்லி காவல்துறை ஜுபைரைக் கைது செய்தது. அந்தப் பதிவில் இருந்த படம் ஒரு பழைய இந்தித் திரைப்படத்தின் காட்சி. தொடர்ந்து உத்தரப் பிரதேசத்திலும் பல வழக்குகள். மூன்று வாரங்களுக்கு மேல் காவலில் இருந்தார். ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. இனிப் பதிவு போடக்கூடாது என்று தடை விதிக்கக் கேட்டபோது, வழக்கறிஞரை வாதாடக்கூடாது என்று சொல்வது போன்றது அது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. வெளியே வந்தவர் அதே வேலையைத்தான் தொடர்ந்தார். தொழிலாளர் விவகாரத்தில் உண்மையை வெளிக்கொண்டு வந்ததற்காக 2024 குடியரசு தினத்தன்று தமிழ்நாடு அரசு அவருக்குக் கோட்டை அமீர் மத நல்லிணக்க விருது வழங்கியது.

பெரியோர்களே, அந்தப் பீகார் தொழிலாளி நமக்கு அந்நியன் அல்ல. நம் பாட்டன்மாரும் அப்படித்தான் பிழைப்புத் தேடிக் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்தார்கள். வந்த இடத்தில் நம்மைப் பற்றி ஒரு பொய் பரவினால் ஓடி ஒளிய இடமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அது இந்தியாவில் நடந்தது என்று நாம் இருந்துவிட முடியாது. 2020 ஏப்ரலில், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், இங்குள்ள ரொஹிங்யா அகதிகள் மலேசியக் குடியுரிமை கேட்கிறார்கள் என்று ஒரு செய்தி பரவியது. அவர்களுடைய தலைவர் ஒருவர் அப்படிக் கேட்டதாகச் சொன்னார்கள். தாம் கேட்கவேயில்லை என்று அவர் மறுத்தார். மறுப்பை யார் படித்தார்கள்? அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. பள்ளிவாசலில் நம் தோளோடு தோள் நின்று தொழுகிறவர்களை இணையத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அந்தச் செய்தி பரவியது நாம் வைத்திருப்பது போன்ற கைப்பேசிகள் வழியாகத்தான்.

விசாரிப்பது நமக்குப் புதிய பாடமா? செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்துவீர்கள் என்ற கருத்தை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குச் சொல்கிறது. ஹதீஸைத் தொகுத்த இமாம்கள், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று சங்கிலியாக விசாரித்தார்கள். ‘யாரோ அனுப்பினார்கள்’ என்பதை அவர்கள் ஏற்கவில்லை. நாமோ புலனத்தில் அதையே போதுமான சான்றாகக் கொள்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். புலனத்தில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது. அதை முதலில் எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கே தெரியாது. அங்கே நிறுத்துங்கள். தேதியும் ஊரும் இல்லாத காணொளியை அனுப்பாதீர்கள். உள்ளூர்ச் செய்தியானால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய ‘செபெனார்ஞா’ தளத்தில் பாருங்கள். கோபத்தையோ பயத்தையோ கிளப்பும் செய்தியை இன்னும் கூடுதலாகச் சந்தேகியுங்கள்.

இளையோருக்கு ஒரு வார்த்தை. குடும்பக் குழுவில் பெரியவர் ஒருவர் பொய்ச் செய்தியைப் போட்டால், எல்லார் முன்னும் அவரை மடக்காதீர்கள். தனியாக அழைத்து, “மாமா, இது பழைய படம், இங்கே பாருங்கள்” என்று காட்டுங்கள். அவரே அழித்துவிடுவார். அவமானப்பட்டவர் பிடிவாதம்தான் பிடிப்பார். பெரியோர்களும், பிள்ளை சொல்கிறானே என்று பாராமல், உண்மையானால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜுபைரைப் போன்றவர்கள் பொய்யைப் பின்னால் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். நாம் அனுப்பாமல் இருந்தால் அது நம் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். அதற்குப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகளாக ஒருவரையொருவர் நம்பியதால் நின்ற சங்கம் இது. அந்த நம்பிக்கையை நம் கைப்பேசியிலும் காப்போம். வல்ல அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக.

வஸ்ஸலாம்.