கை பழகும் கருவி



கருவி செய்பவர் ஒருவர், அதை இசைப்பவர் வேறொருவர் என்பதே இசையுலகில் பெரும்பாலும் காணும் வழக்கம். இருவரும் ஒருவரேயானால் என்ன நேரும் என்பதற்கு நெதர்லாந்து நாட்டுக் கலைஞர் மிஷேல் வைஸ்விஸ் (1949–2008) நல்ல சான்று.

1970களில் அவர் உருவாக்கிய 'கிராக்தோஸ்' கையில் ஏந்தத்தக்க ஒரு சிறு பெட்டி. மின்கலம், ஒலிபெருக்கி, எளியதொரு மின்சுற்று, மேலே ஆறு உலோகத் தகடுகள். அதில் உள்ளவை அவ்வளவே. தகடுகளை விரல்கள் தொட்டதும் இசைப்பவரின் உடலே மின்சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது. விரலின் ஈரமும் அழுத்தமும் மாற, ஓசையும் மாறும்.

1984இல் அவர் அரங்கேற்றிய 'தி ஹேண்ட்ஸ்' இரு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் கருவி. அதில் விரல்களுக்கு விசைகள் உண்டு. கையின் சாய்வை அறியும் உணரிகளும், இரு கைகளின் இடைவெளியை மீயொலியால் அளக்கும் உணரிகளும் உண்டு. இக்கருவி தானே ஓசை எழுப்புவதில்லை. கையசைவை எண்களாக்கி, 1983இல் வந்த மிடி முறையின் வழியே மின்னிசைக் கருவிகளுக்கு அனுப்பும்.

வயலினில் வில்லின் அழுத்தம் நாதத்தை மாற்றுவது இயற்கையின் விதி. இங்கோ எந்த அசைவுக்கு எந்த ஓசை என்பதைக் கருவி செய்தவரே விதிக்க வேண்டும். விதித்ததை நினைத்தபோதெல்லாம் மாற்றவும் முடியும். இடர் அங்கேதான் இருக்கிறது. நாள்தோறும் திருத்தப்படும் கருவியிடம் கை எதையும் கற்றுக்கொள்வதில்லை. இதை உணர்ந்த வைஸ்விஸ் ஒரு கட்டத்தில் திருத்தங்களை நிறுத்திவிட்டு, இருக்கும் கருவியிலேயே பயிற்சி செய்யத் தொடங்கினார். ஓசையை எழுப்ப உடல் படும் பாடு கேட்பவர்க்கும் புலப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1981 முதல் இறுதிவரை அவர் வழிநடத்திய ஆம்ஸ்டர்டாமின் 'ஸ்டைம்' நிலையமும் அக்கொள்கையையே பேணியது.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழும் லெட்டீஷியா சொனாமி 1991இல் சமையலறை ரப்பர் கையுறையில் காந்தமும் உணரியும் பொருத்தித் தம் கருவியின் முதல் வடிவைச் செய்தார். பின்வந்த வடிவங்கள் நுட்பம் மிகுந்தவை. ஆனாலும் கையுறையை அவர் கைவிடவில்லை. இருபதாண்டுகளுக்கு மேல் அதனோடே மேடையேறினார்.

யாப்பைத் துறந்த கவிஞரும் இத்தகைய நிலையிலேயே நிற்கிறார். வடிவத்தின் விதியை அவரே இயற்றுகிறார். அடுத்த கவிதையிலேயே அதை அழிக்கவும் அவர்க்கு உரிமை உண்டு. ஆனால் இயற்றிய விதிக்குள் சிலகாலம் குடியிருந்தால்தான் அது கைக்குப் பழகும். பழகிய பின்னரே அதனால் எதைச் சொல்லக்கூடும், எதைச் சொல்லக்கூடாது என்பது தெரியவரும்.