சராசரிக்குள் காணாமல் போகும் நம் பிள்ளைகள்



சேரிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதையே இயக்க வேலையாகச் செய்தவரின் நினைவுக் கூட்டம் இது. ஆகவே பள்ளிச் சேர்க்கைக் கணக்கையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

இந்திய அரசின் யூடைஸ் பிளஸ் கணக்குப்படி, 2021-22இல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் மொத்தச் சேர்க்கை விகிதம் 79.6. மேல்நிலை வகுப்புகளில் 57.6. இலங்கையின் இடைநிலைக் கல்வி விகிதமோ நூறை ஒட்டி நிற்கிறது. இதை வைத்து, அவர்கள் ஜெயித்தார்கள், நாம் தோற்றோம் என்று சொல்லிவிடலாமா? பொறுங்கள். அங்கே இடைநிலை ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பில். பெயர் ஒன்று, வகுப்புகள் வேறு. தவிர, மொத்த விகிதத்தில் வயது கடந்து படிப்பவர்களும் சேருவார்கள். அதனால் அது நூறையும் தாண்டும். பேரேட்டில் பெயர் இருக்கும். பெஞ்சில் பிள்ளை இருக்காது.

ஆனாலும் இலங்கையின் சாதனை பொய்யல்ல. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் அங்கே இலவசக் கல்வி வந்தது. கட்டாயக் கல்வியின் வயதை 2016இல் 16ஆக உயர்த்தினார்கள். நம் கல்வி உரிமைச் சட்டம் 2009 பிள்ளையின் கையை 14 வயதில் விட்டுவிடுகிறது. எட்டாம் வகுப்போடு சட்டத்தின் கடமை முடிகிறது. நமது மாலை வகுப்புகளில் ஒன்பதாவது தொடங்கியதும் வராமல் போகிற பிள்ளைகளின் முகங்கள் நமக்குத் தெரியும். ஒருவன் செங்கல் சூளைக்கு, ஒருத்தி பஞ்சாலைக்கு.

இப்போது இலங்கையின் உள்ளே பாருங்கள். தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பான்மையோர் நம் மக்கள். இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1948 குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பள்ளிகளைப் பெருமளவில் அரசு ஏற்றது 1970களில்தான். ஒரு தலைமுறைக்கும் மேல் தாமதம்! இன்றும் அங்கே கல்வி அளவீடுகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று வரிசைகளில் தோட்டமே பின்தங்கி நிற்கிறது. அந்த அட்டவணையில் சாதிக்கு இடமில்லை. 'தோட்டம்' என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்திருக்கிறது.

ஊரில் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இரண்டு நாட்டுச் சராசரிகளுக்குள்ளும் மறைக்கப்படுகிறார்கள். சராசரி என்பது மேலிருப்பவனின் நிழலில் கீழிருப்பவனை உட்கார வைப்பது. ஆகவே எந்த நாடு முந்தியது என்பதோடு நம் கேள்வி நிற்கக் கூடாது. அந்த நாட்டின் கடைசித் தெருவுக்கும் முதல் தெருவுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்போம்.

நம் முன் மூன்று வேலைகள் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்கக் கோருவோம். எட்டாவது முடித்தவர்களில் எத்தனை பட்டியல் சாதிப் பிள்ளைகள் ஒன்பதாவதில் சேர்ந்தார்கள் என்று ஒவ்வொரு பள்ளியிலும் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்போம். அதற்கும் முன்பாக, வரும் ஜூனில் நம் காலனிகளில் நாமே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்போம். விடுபட்ட பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்துவந்து பள்ளியில் உட்கார வைப்போம்.

அவர் செய்த வேலை அதுதான். நாம் தொடர்வோம். ஜெய் பீம்!