இரண்டு எஞ்சின்களும் ஓர் எரிபொருளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியமும் இசையும் மணக்கும் இவ்விழாவிலே விமான எஞ்சினைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. இந்நகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளுள் சிலர் விமானிகளாக வேண்டும் என்று விரும்புகின்றனர். பிள்ளையை விண்ணுக்கு அனுப்பும் தாய், “இரண்டு எஞ்சின் உள்ள விமானந்தானே, பயமில்லையே?” என்று கேட்கின்றாள். அக்கேள்விக்கு உண்மையான விடை கூறுவதே இன்று நாம் மேற்கொண்ட பணி.

விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விழிஞ்ஞம் கடற்கரைக்குச் சென்றாலே போதும். ஆய் மன்னர்கள் ஆண்ட துறை அது. பாண்டியரும் சோழரும் அதன் பொருட்டுப் போரிட்டனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தைச் சேர்ந்தன. விழிஞ்ஞம் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. இன்று அங்கே பெருங்கப்பல்கள் வந்து நிற்கும் புதிய துறைமுகம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுள்ளது. அதன் அருகே பழைய மீன்பிடித் துறையில் நிற்கும் வள்ளங்களைப் பாருங்கள். ஆழ்கடலுக்குச் செல்லும் வள்ளம் பலவற்றின் பின்புறத்தில் ஓர் எஞ்சின் அன்று, இரண்டு எஞ்சின்கள் மாட்டப்பட்டிருக்கும். நடுக்கடலில் ஒன்று நின்றால் மற்றொன்று கரை சேர்க்கும் என்பதே அதன் கருத்து.

அந்த எஞ்சினைப் பெட்ரோலால் கிளப்புவர். சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது என்பதை அவர்கள் அறிவர். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி, குழாயில் தங்கிய மண்ணெண்ணெயை எரித்துத் தீர்ப்பர். எண்ணெயில் நீர் கலந்திருந்தால் ஓர் எஞ்சின் மட்டும் நிற்பதில்லை. ஒரே கேனிலிருந்து இரண்டுக்கும் ஊற்றியிருந்தால் இரண்டுமே நிற்கும். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நம் உரை முழுவதற்கும் அதுவே அடிப்படை.

ஜெட் விமானம் குடிப்பதும் ஏறத்தாழ அதே மண்ணெண்ணெய்தான். நன்கு தூய்மை செய்யப்பட்டு, உறைநிலை முதலியவை வரையறுக்கப்பட்ட மண்ணெண்ணெயே விமான எரிபொருள். உலகெங்கும் பயணிகள் விமானங்களில் வழங்கும் ஜெட் ஏ-1 என்னும் வகை, சுழியத்துக்குக் கீழ் 47 பாகை செல்சியசு வரை உறையாதிருக்க வேண்டும் என்பது விதி.

எஞ்சின் வேலை செய்யும் முறையையும் சுருங்கச் சொல்லுவோம். முன்புறத்தில் சுழலும் அலகுகள் காற்றை இழுத்து அழுத்துகின்றன. அழுத்தப்பட்ட காற்று எரியறைக்குள் சென்று எரிபொருள் துளிகளோடு கலந்து எரிகின்றது. வெப்பம் மிகுந்த வாயு டர்பைனைச் சுழற்றிப் பின்புறமாகப் பீறிட்டு வெளியேறுகின்றது. விமானம் முன்னே தள்ளப்படுகின்றது. டர்பைன் சுழல்வதால் முன்னுள்ள காற்றழுத்தியும் சுழல்கின்றது. இச்சுற்றைத் தொடங்கி வைக்க வெளி உதவி வேண்டும்; தொடங்கிய பின் அது தானே நடைபெறும்.

விமானி தம் கைப்பிடியை முன்னே தள்ளும்போது அவர் கேட்பது மிகுதியான எரிபொருளை. காற்று அதற்கேற்ப வருமுன் எரிபொருள் மட்டும் கூடினால் வெப்பம் எல்லை மீறும். காற்றோட்டம் தடுமாறி எஞ்சின் வெடிச்சத்தத்துடன் திணறும். திடீரெனக் குறைத்தாலோ சுடர் அணைந்துவிடும். இதனைத் தடுப்பதற்கென்றே எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி என்று ஒன்று அமைந்துள்ளது. ஆயினும் உயரத்தில் காற்று மெலிதாயிருக்கும்போது கருவியின் திறனுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவேதான் பயிற்சி பெறும் விமானிக்கு முதலில் கற்பிக்கப்படுவது கைப்பிடியை மென்மையாக இயக்கும் பழக்கம். சுடர் அணைந்தாலும் மீண்டும் ஏற்றலாம். ஆனால் அதற்கென்று குறித்த உயரமும் வேகமும் உண்டு. அவ்வெண்களை அப்போது புத்தகத்தில் தேட நேரமிராது.

இரட்டை எஞ்சின் கொண்ட ஜெட் பயிற்சி விமானங்கள் உலகில் பல. பிரான்சின் ஃபூகா மஜிஸ்டர் 1952இல் முதன்முதல் பறந்தது. அமெரிக்காவின் டி-38 டாலன் 1959இல் பறந்தது. பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து படைத்த ஆல்ஃபா ஜெட் 1973இல் எழுந்தது. நம் நாட்டிலோ கிரண், ஹாக் என்னும் பயிற்சி விமானங்கள் ஒற்றை எஞ்சின் உடையவை. எனினும் இரட்டை எஞ்சினில் நமக்கென்று ஒரு பெருமை உண்டு. பெங்களூரில் ஹிந்துஸ்தான் நிறுவனத்தார் ஜெர்மானிய அறிஞர் குர்ட் டாங்க் தலைமையில் வகுத்த மாருத் போர் விமானம் 1961ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் முதன்முதல் பறந்தது. இருவர் அமரும் அதன் பயிற்சி வடிவம் 1970இல் பறந்தது. 1971ஆம் ஆண்டுப் போரில் தரையிலிருந்து சுடப்பட்டு ஓர் எஞ்சினை இழந்த மாருத் விமானங்கள் எஞ்சிய ஒன்றைக் கொண்டே தளம் திரும்பியதுண்டு. இரண்டாவது எஞ்சின் உயிர் காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அப்படியாயின் தாயின் கேள்விக்கு “ஆம், பயமில்லை” என்று கூறிவிடலாமா? கூறலாகாது. இரண்டு எஞ்சின்கள் இருப்பினும் அவற்றுக்கு உணவூட்டும் வழிகள் எங்கெங்கே ஒன்றுபடுகின்றன என்பதை அறிந்த விமானிக்கே அந்த இரண்டாவது எஞ்சின் துணை நிற்கும்.

எரிபொருள் செல்லும் வழியைப் பார்ப்போம். தொட்டியில் ஒரு பம்பு எண்ணெயைத் தள்ளிவிடுகின்றது. வடிகட்டி அழுக்கைத் தடுக்கின்றது. எஞ்சினோடு சுழலும் மற்றொரு பம்பு மிகுந்த அழுத்தத்தில் எரியறைக்கு அனுப்புகின்றது. டி-38 விமானத்தில் முன்பக்கத் தொட்டிகள் இடது எஞ்சினுக்கும், பின்பக்கத் தொட்டிகள் வலது எஞ்சினுக்கும் ஊட்டுகின்றன. ஓர் எஞ்சின் நின்றால் அதன் பக்கத்து எண்ணெய் செலவாகாமல் தேங்கும். விமானத்தின் எடைச் சமநிலை பிறழும். அப்போது இரு பக்கங்களையும் இணைக்கும் குறுக்கு வால்வைத் திறந்து சமன் செய்யலாம். அவ்வால்வு நல்ல நண்பன். அறியாதவன் கையில் அதுவே பகைவன்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் கனடாவின் ஏர் டிரான்சாட் விமானம் 306 பேருடன் அட்லாண்டிக் கடலின்மேல் பறந்துகொண்டிருந்தது. வலது எஞ்சினருகே எரிபொருள் கசிந்தது. ஒருபுறம் எண்ணெய் குறைவதைக் கண்ட விமானிகள், இது வெறும் சமனின்மை என்று கருதிக் குறுக்கு வால்வைத் திறந்தனர். நல்ல பக்கத்து எண்ணெயும் ஓட்டையின் வழியே கடலுக்குப் போயிற்று. இரண்டு எஞ்சின்களும் நின்றன. ஏறத்தாழ 19 நிமிடம் மிதந்து சென்று அசோர்ஸ் தீவில் இறங்கி அனைவரும் உயிர் தப்பினர். இறக்கிய திறமை பெரிது, “எண்ணெய் எங்கே போகின்றது?” என்று முதலில் கேட்பது அதனினும் பெரிது.

1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் ஏர் கனடாவின் 767 விமானம் நடுவானில் எண்ணெய் தீர்ந்து நின்றது. வேண்டியது 22,300 கிலோ. ஏற்றியதோ 22,300 பவுண்டு, அதாவது பாதியினும் குறைவு. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்குரிய எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்குரிய எண்ணால் பெருக்கிவிட்டனர். கிம்லி என்னும் பழைய தளத்தில் விமானம் பாதுகாப்பாக இறங்கியது. பள்ளிக் கணக்கு ஏன் என்று கேட்கும் மாணவர்களுக்கு இதனை நினைவூட்டுகின்றோம்.

2008ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777 விமானம் ஓடுபாதைக்கு முன்னரே தரையில் விழுந்தது. எண்ணெய் தரமானதே, உறையவும் இல்லை. எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் சிறிதளவு நீர், நெடும்பயணத்தின் குளிரில் பனித்துகளாகிக் குழாயில் படிந்திருந்தது. இறங்கும் வேளையில் மிகுந்த எரிபொருள் கேட்டபோது அப்பனி பெயர்ந்து சென்று எண்ணெயைச் சூடாக்கும் கருவியின் வாயை அடைத்தது. ஓர் எஞ்சினில் அன்று, இரண்டிலும்! விழிஞ்ஞத்து வள்ளத்திற்கும் அந்தப் பெரும் விமானத்திற்கும் பகை ஒன்றே: எண்ணெயில் கலந்த நீர்.

இன்னொன்று. 1989ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் இங்கிலாந்தின் கெக்வொர்த் ஊரருகே வீழ்ந்த விமானத்தில் பழுதானது இடது எஞ்சின். விமானிகள் நிறுத்தியதோ வலது எஞ்சின். அதனைத் தணித்ததும் அதிர்வு குறைந்ததுபோல் தோன்றியது, அத்தோற்றத்தை நம்பினர். 47 பேர் மாண்டனர். பயிற்சி விமானங்களில் இரு எஞ்சின்களும் உடலையொட்டி அருகருகே இருப்பதால் ஒன்று நின்றாலும் விமானம் மிகுதியாகத் திரும்பாது. ஓட்டுவதற்கு அது எளிது. எது நின்றது என்று உடலால் உணர்வதற்கு அரிது. ஆகவே சுழற்சி, வெப்பம், எரிபொருள் ஓட்டம் ஆகிய மூன்று அளவிகளையும் படித்து, உறுதி செய்த பின்னரே கை வைக்க வேண்டும். அவசரம் எஞ்சினைக் காப்பதில்லை.

நம் திருவனந்தபுரத்திலேயே 2025ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த எஃப்-35 போர் விமானம் ஒன்று, வானிலை கெட்டு எரிபொருளும் குறைந்த நிலையில் வந்து இறங்கியது. பின்னர் வேறு பழுதால் அது ஜூலை 22 வரை இங்கேயே நின்றதைக் கேலி செய்தவர் பலர். நாமோ அந்த விமானியைப் பாராட்டுகின்றோம். எண்ணெய் இருக்கும்போதே இறங்கத் துணிவது கோழைத்தனமன்று, அதுவே தொழிலறிவு.

இளைஞர்களே! எஞ்சின் அறிவு பொறியாளருக்கு, ஓட்டுதல் நமக்கு என்று பிரித்துப் பேசாதீர்கள். விழிஞ்ஞத்து மீனவர் அவ்வாறு பிரிப்பதில்லை. நடுக்கடலில் மெக்கானிக் வரமாட்டார் என்று அவருக்குத் தெரியும். நடுவானிலும் வரமாட்டார். உங்கள் விமானத்தின் எண்ணெய் தொட்டியிலிருந்து சுடர் வரை செல்லும் வழியைத் தாளில் நீங்களே வரையுங்கள். ஒவ்வொரு வால்வும் அடைபட்டால் என்னாகும் என்று எழுதுங்கள். அதனைத் தமிழிலும் எழுதிப் பாருங்கள். தாய்மொழியில் விளக்க முடிந்த பொருளே நமக்கு முழுதும் விளங்கிய பொருள்.

தாய்மார்களே! உங்கள் கேள்விக்கு நம் விடை இதுதான்: இரண்டு எஞ்சின்கள் நன்று, அவற்றை அறிந்த ஒரு பிள்ளை அதனினும் நன்று. அத்தகைய பிள்ளைகளை இச்சங்கம் வளர்ப்பதாகுக என்று வாழ்த்தி விடைபெறுகின்றோம்.