ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த செல்கள்



1967ஆம் ஆண்டு. அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்த ஹியூபர்ட் ஹம்ஃப்ரிக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. பரிசோதனைகள் நடந்தன, புற்றுநோய்தானா என்பது உறுதிப்படவில்லை. மறு ஆண்டு அவர் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். 1976இல் சிறுநீர்ப்பையில் ஊடுருவிப் பரவும் புற்றுநோய் என்று தெரிந்து, பையையே அகற்றினார்கள். 1978 ஜனவரியில் காலமானார்.

1967இல் சேகரித்த அவருடைய சிறுநீர்ச் செல்கள் பத்திரமாக இருந்தன. 1994இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அவற்றைச் சோதித்தார்கள். பி53 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. 1976ஆம் ஆண்டுக் கட்டியிலும் அதே இடத்தில் அதே மாற்றம்! அந்த முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பி53 தரும் புரதம் ஒரு படியெடுத்தல் காரணி. டி.என்.ஏ.யின் மேல் உட்கார்ந்து, எந்த மரபணுவைப் படியெடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் வகைப் புரதம். டி.என்.ஏ. சேதமானால் பி53 பெருகி, பி21 என்ற மரபணுவை இயக்கும். செல் பிளவுபடுவது நிற்கும். சேதம் மிஞ்சிப்போனால், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்யும் மரபணுக்களை எழுப்பும். இந்தப் புரதம் நான்கு நான்காகச் சேர்ந்துதான் வேலை செய்கிறது. நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் இடறினால் போதுமே, அதுபோலப் பழுதானது ஒன்று சேர்ந்தாலும் நல்லவையும் முடங்கலாம்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் எல்லாம் ஒரே போக்கில் போவதில்லை. பைக்குள் பூப்போல நீட்டிக்கொண்டு வளரும் மென்மையான வகை உண்டு. அது திரும்பத் திரும்ப வந்தாலும் தசைக்குள் இறங்குவது அரிது. அதில் பெரும்பாலும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற வேறொரு மரபணுவே மாறியிருக்கும். உட்சுவரோடு தட்டையாகப் படரும் வகைதான் ஆபத்தானது. அங்கே பி53 ஆரம்பத்திலேயே பழுதாகிவிடுவதுண்டு. தசைக்குள் இறங்கிய 412 கட்டிகளை ஆராய்ந்து 2017இல் வந்த முடிவு, ஏறத்தாழப் பாதியில் பி53 மாறியிருந்ததாகச் சொல்கிறது.

புகையிலை இந்த நோய்க்கு முதன்மையான காரணம். புகையின் நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வடிந்து, மணிக்கணக்கில் பைக்குள் தேங்கி நிற்கிறது. அந்த உட்சுவர்ச் செல்களின் டி.என்.ஏ. அதில் நனைந்தபடியே இருக்கிறது.

பி53ஐ மட்டும் பார்த்து ஒருவருக்கு நோய் எப்படிப் போகும் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரில் மரபணு மாற்றங்களைத் தேடும் சோதனைகள் இப்போது வந்திருந்தாலும், குழாய்க் கேமராவைப் பைக்குள் விட்டு நேரில் பார்க்கும் சிஸ்டாஸ்கோப்பியின் இடத்தை அவை இன்னும் பிடிக்கவில்லை. வலியில்லாமல் ஒரே ஒரு முறை சிறுநீரில் ரத்தம் போய் நின்றிருந்தாலும், சிறுநீரியல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.